துறை தேடிய படகு

குடியிருக்க வீடு தேடி அலைவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். படகுக்கு வீடு தேடி அலைந்த ஒருவரோடு நானும் சில நாள் அலைந்தேன். அந்த அனுபவத்தையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரித்தானிப் பகுதியில், விடுமுறையில் சென்ற குருவானவர் ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதம் பணிபுரிந்தேன். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பரானார். வயது எழுபத்தொன்று. முந்திய குளிர்காலத்தில் மனைவியை இழந்தவர். அவரிடம் எட்டரை மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகளாக அது மோர்பியான் வளைகுடாவில், நங்கூரமிட்ட மிதவையொன்றில் கட்டப்பட்டுக் கிடந்தது. அதை அடையச் சிறு ஓடத்தில் துடுப்புப் போட்டுச் செல்ல வேண்டும். முழங்கால் தளர்ந்தவருக்கு, ஆடும் ஓடத்திலிருந்து ஆடும் படகில் ஏறுவது இனி இயலாததாயிற்று. நடந்து சென்று ஏறத்தக்க மிதவைத் தளமுள்ள துறை வேண்டும்.

நம் கரையில் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். அங்கே அப்படி முடிவதில்லை. அவருடைய படகின் அடிக்கட்டை நீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கி நிற்கும். நீர் வற்றினால் படகு சாய்ந்துவிடும். ஆகவே, ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடம் தேவை. அத்தகைய இடங்களுக்கோ நீண்ட காத்திருப்போர் பட்டியல்! நண்பர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மூன்று துறைகளில் பெயர் பதிந்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வந்திருந்தார். அந்தக் கோடையில் மூன்றிலும் அடுத்தடுத்து முறை வந்தது. இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் லெ க்ரூஸ்தி. வளைகுடாவுக்கு வெளியே, கிபெரோன் விரிகுடாவை நோக்கிய பெரிய துறை; ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட படகுகள் அங்கே நிற்கின்றன. ஏற்றமோ வற்றமோ, எந்நேரமும் கடலுக்குப் புறப்படலாம். நண்பரும் மனைவியும் ஆண்டுதோறும் சென்று வந்த ஊவாத் தீவு அங்கிருந்து அருகில். நண்பரின் கண்கள் ஒளிர்ந்தன. ஆனால் கட்டணம் மிகுதி. வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். தளத்தின் வழியே நடந்தபோது, பல படகுகளின் நீர்க்கோட்டில் பச்சைப் பாசி தாடிபோல் தொங்குவதைக் கண்டேன். நெடுநாளாக நகராதவை அவை. நண்பரும் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது அர்சால். விலேன் ஆற்றின் முகத்தில், வெள்ளத்தைத் தடுக்க 1970இல் அணை கட்டினார்கள். அணைக்கு மேலே அமைதியான நன்னீர். அதில் படகுகள் உறங்குகின்றன. கடலில் அடித்தளத்தைப் பற்றும் சிப்பி இனங்கள் நன்னீரில் வாழா. ஆகவே பராமரிப்பு எளிது. கட்டணமும் குறைவு. கடலுக்குச் செல்ல இரட்டைக் கதவுள்ள நீர்ப்பூட்டைக் கடக்க வேண்டும். நான் தாளில் கணக்குப் போட்டு, "இதுவே சிறந்தது" என்று உறுதியாகச் சொன்னேன். பங்குக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய அறிவு அது!

மூன்றாவது, அவர் வாழ்ந்த நகரமே. அதன் பெயரும் நம் காதுக்கு 'வான்' என்றே ஒலிக்கிறது. 1419இல் அங்கு உயிர்நீத்த புனித வின்சென்ட் பெரரின் சிலையைத் தாங்கிய கோட்டை வாயிலுக்கு எதிரிலேயே படகுத்துறை. அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் துறையின் நீரைக் காப்பது ஒரு மதகு. ஓதம் உச்சத்துக்கு வருமுன் இரண்டரை மணியும் வந்தபின் இரண்டரை மணியுமே, அதுவும் பகற்பொழுதில் மட்டும், திறந்திருக்கும். தவறினால் காத்திருக்க வேண்டியதுதான். திறந்த கடலை அடையத் தீவுகளுக்கிடையே நீண்ட வாய்க்கால் வழி. வளைகுடாவின் வாயிலிலோ ஆற்று வெள்ளம்போல் ஓடும் நீரோட்டம். அதை எதிர்த்துச் சிறு படகு முன்னேறாது.

அன்று மாலை நண்பர் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். படகோடு சேர்த்து அந்த இடத்தையும் தம் ஒரே மகனுக்கு விட்டுச்செல்ல வேண்டுமென்பது அவருடைய ஆசை. துறை அலுவலகத்தில் கேட்டோம். படகை மகனுக்குத் தரலாம். இடத்தைத் தர இயலாது. ஒப்பந்தம் ஆளுக்கே உரியது. படகை விற்றாலும் இடம் கூடவே போகாது. மகன் பட்டியலின் கடைசியில் சேர வேண்டும்.

இதன் வேர் ஆழமானது. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1681இல் வெளிவந்த கடற்சட்டம், மார்ச் மாதப் பெரும் ஓதம் ஏறித் தொடும் எல்லை வரையுள்ள நிலத்தைக் கடற்கரையென வகுத்து, அங்கே எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்றது. இன்றும் பெரும்பாலான துறைகள் பொதுவுடைமையான நீரில்தான் நிற்கின்றன. அங்கே இடத்தை வாங்க முடியாது. பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறலாம். துறை கட்டப் பணம் தந்தவர்க்கும் அதிக அளவு 35 ஆண்டே. பிறர்க்கு ஓராண்டு, பின் புதுப்பித்தல். சொந்தக்காரர் என்று எவருமில்லை.

நண்பருக்குக் கோபம் வந்தது. "ஒன்பது ஆண்டு காத்திருந்தது இதற்குத்தானா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. இறப்பு வீடுகளில் ஆறுதல் சொல்லிப் பழகிய எனக்கு, இந்தச் சிறு இழப்புக்குச் சொல்லத்தக்க சொல் அகப்படவில்லை. அவருக்கு அது சிறு இழப்பன்று என்பதும் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தார். முடிவு செய்துவிட்டிருந்தார்: வான் நகரத் துறை. காரணம் கேட்டேன். "மகன் பாரிசில் இருக்கிறான். அவனிடம் கார் இல்லை. விரைவு இரயில் இரண்டரை மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்து விடும்; நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தே வரலாம். அர்சாலுக்கு அவன் எப்படி வருவான்?" என்றார். என் தாளில் இரயில் இல்லை, மகனும் இல்லை.

கிறிஸ்துமசுக்கு மடல் வந்தது. மகன் நான்கு முறை வந்திருந்தானாம். ஒருமுறை நேரம் தவறி, மதகு மூடிவிட்டது. வெளியே காத்திருக்கும் தளத்தில் படகைக் கட்டி, பொழுது சாயும்வரை இருவரும் அமர்ந்திருந்தார்களாம். "அவன் தாய் இறந்தபின், அவளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அன்றுதான்" என்று எழுதியிருந்தார்.

மடலின் கடைசியில் ஒரு வரி: மகன் தன் பெயரைப் பட்டியலில் பதிந்துவிட்டான்.