உத்தமபாளையத்தில் ஒரு திறந்த ஜீப்

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில், சின்னமனூரைத் தாண்டினால் வருவது உத்தமபாளையம். ஊரை ஒட்டி முல்லைப் பெரியாறு ஓடுகிறது. 1895-ல் பெரியாறு அணை எழும்பிய பிறகுதான், மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பியது. நெல் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. தலையை நிமிர்த்தினால் மலை. மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள்.

அந்தத் தோட்டங்களுக்குப் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பட்டணத்தார் "கன்வர்ட்டிபிள்" என்று வாய் பிளக்கிறார்களே, கூரை மடங்கும் கார், அதற்கு இந்தப் பள்ளத்தாக்கின் பதில் தார்ப்பாய் ஜீப்தான்! இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்தது. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். கூரை வெறும் துணி. கம்பியை மடக்கினால் ஆகாயம்!

இந்த அழகில் மயங்கித்தான் நம் நண்பர் ஒருவர் இங்கே ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கிவிட்டார். வாங்கியவுடன் அவருக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? கூரைக்குப் பச்சைத் துணியா, காக்கித் துணியா என்பதுதான்! அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரண்டு குழந்தைகளோடு கம்பமெட்டு ஏறி இறங்க வேண்டும். பிரேக் பிடிக்குமா?"

பட்டறை மிஸ்திரி சிரித்துவிட்டார். "தாயி கேக்குறதுதான் சரி, சார். ஓடாத வண்டி வீட்டு வாசல்ல நிக்கும். நிக்காத வண்டி எங்க போயி நிக்கும்?"

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் ரூபாய் நிறுத்துவதற்கு, அடுத்தது ஓட்டுவதற்கு, அலங்காரம் கடைசியில்.

பிரேக்கைப் பார்க்க மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை. வண்டியை நிறுத்திவைத்துப் பெடலை அழுத்தி மிதித்து, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சக்கரங்களின் உட்புறம் ஈரப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வரிசை. ஒரு சின்ன ரப்பர் வாஷர் கிழிந்தால் நான்கும் கை விரித்துவிடும்! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும். எனவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சூடு. சமவெளி வெயிலில் சாதுவாக ஓடிய வண்டி, ஏற்றத்தில் கொதிக்கும். ரேடியேட்டருக்குள் துருச் சேறு, வெளியே பூச்சியும் தூசியும்: பெரும்பாலும் இவைதான் காரணம். இரண்டையும் சுத்தம் செய்து, ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மாற்றுங்கள். கொதிக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. அடுப்பிலிருக்கும் குக்கரை அப்படித் திறப்போமா?

கொதிக்காமலே வண்டி திணறி நின்றால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, நிழலில் பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுக் காத்திருங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் போட்டுக்கொள்வது உத்தமம்.

விளக்கு மங்கலாக எரிந்தால் உடனே புது பாட்டரி வாங்கப் புறப்படாதீர்கள். பாட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் எர்த் கம்பி, துருவிலும் பெயிண்டிலும் உட்கார்ந்திருக்கும். சுரண்டித் துடைத்து முடுக்கினால் பாதி வியாதி தீர்ந்துவிடும்.

கூரைத் துணியில் மழை முதலில் ஒழுகுவது தையல் துவாரம் வழியாகத்தான். நன்றாகக் காயவைத்து, தையல் மேல் தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள். ஈரத்தோடு மடிக்காதீர்கள். ஈரப் புடவையை மடித்து வைத்தால் என்ன ஆகும் என்று நம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டுமா?

காகிதத்தையும் கவனியுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்த ஜீப்புகள் உண்டு. அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, பேஷாகக் கூரையை மடக்கிக்கொண்டு மலை ஏறுங்கள். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும். வளைவில் எதிரே தோட்டத்து ஜீப் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். உங்களுக்கு அது உல்லாசப் பிரயாணம். அதிலிருக்கும் பெண்களுக்கோ அன்றாடப் பிழைப்பு.