காட்டில் பிடித்ததா, கூட்டில் பிறந்ததா?



என்னிடம் ஏ.எல். உயிரியல் படித்த பிள்ளை ஒருவர் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்.

"சேர், நான் ரெண்டு வருஷமா ஒரு போல் பைதன் வளர்க்கிறன், பொண். குட்டி எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். ஆபிரிக்காவில பிடிச்ச ஆண் ஒண்டு அரை விலைக்கு வருது. கூட்டில பிறந்ததெண்டா விலை கூட. காட்டுப் பாம்புக்கு இரத்தம் சுத்தம், குட்டி பலமா வரும் எண்டு சொல்றாங்க. எது நல்லம்?"

"பாம்பு வளர்க்கிறதா, நஊதுபில்லாஹ்!" என்று நம்மில் பலர் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. அந்த நாட்டில் அந்தப் பாம்பை வீட்டில் வைத்திருக்க சட்டத்தில் தடை இல்லை. பாம்பை விற்று வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். நான் பதில் சொன்னது என் பாடத்துக்குள் வருவதை மட்டும். அந்தப் பதிலில் நமது ஊருக்கும் ஒரு பங்கு இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

போல் பைதன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் வாழும் சிறிய மலைப்பாம்பு. நமது வெங்கிணாந்தியின் தூரத்துச் சொந்தம். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். பெயரும் அதனால்தான். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பெருந்தொகையாக ஏற்றுமதியாகிறது.

அந்த அரை விலையை முதலில் பார்ப்போம். காட்டில் வளர்ந்த பாம்பு பிடிபட்டு, சாக்கில் கிடந்து, பெட்டியில் அடைபட்டு, விமானத்தில் வருகிறது. உடம்பில் உண்ணி, குடலில் புழு. இந்த இனம் கூட்டுக்குள் அடைத்தால் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் கிடப்பதற்குப் பேர்போனது. காட்டில் பிடித்ததில் அந்தப் பிடிவாதம் இன்னும் கூட. வயது தெரியாது. மூன்று வயதா, பதினைந்து வயதா என்று விற்பவனுக்கே தெரியாது. குறைந்தது மூன்று மாதமாவது தனி அறையில் வைத்து, மலம் சோதித்து, மருந்து கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் மலிவுப் பாம்புதான் விலை கூடியது. வீட்டிலிருக்கும் பெண் பாம்புக்கும் நோய் தொற்றினால் கணக்கு வேறு மாதிரி.

கூட்டில் பிறந்ததற்குப் பிறந்த திகதி தெரியும், தாய் தகப்பன் தெரியும், உறையவைத்து இளக்கிய எலியைத் தின்று பழகியிருக்கும். மனிதக் கைக்கும் பழக்கம். பெண் முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று வருடமளவில் ஆகும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் நாலு முதல் எட்டு முட்டைதான். இவ்வளவு காலம் காத்திருந்து செய்யும் காரியத்தில் தெரியாத ஒன்றை ஏன் சேர்க்க வேண்டும்?

ஆனால் "கூட்டில் பிறந்தது" என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. "ஸ்பைடர்" என்று ஒரு நிறவகை இருக்கிறது. உடம்பில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள், பார்க்க அழகு. ஆனால் தலை ஆடும். சில பாம்புகள் தலைகீழாகப் புரளும், இரையைக் குறிவைத்துக் கொத்த முடியாமல் தடுமாறும். 2022 இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் உள்காது அமைப்பிலேயே குறைபாடு இருப்பதைக் காட்டியது. சமநிலை கெடுவது அதனால். நிறத்தையும் நோயையும் பிரிக்க முடியவில்லை என்று தெரிந்தும், விலை போகிறது என்பதற்காகப் பலர் அதைப் பெருக்கினார்கள். ஆகவே "எங்கே பிறந்தது" என்று கேட்டால் மட்டும் போதாது. "எதற்காகப் பிறக்க வைத்தீர்கள்" என்றும் கேட்க வேண்டும்.

"இரத்தம் சுத்தம்" என்ற பேச்சில் உண்மையே இல்லையா? இருக்கிறது. சகோதரத்தோடு சகோதரத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். அதற்குப் புது இரத்தம் வேண்டும். ஆனால் போல் பைதனைப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இனப்பெருக்கம் செய்கிறார்கள். உறவில்லாத ஓர் ஆணை இன்னொரு வளர்ப்பாளரிடம் வாங்கினால் காரியம் முடிந்தது. அதற்காகக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. ஓர் இனமே அழியப்போகிறது என்று அரசும் விலங்கியலாளர்களும் சேர்ந்து காட்டிலிருந்து சில விலங்குகளை எடுத்துப் பெருக்குவது வேறு விடயம். அது வியாபாரமல்ல.

அடுத்தது கடதாசி. சைட்டிஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையில் ஒவ்வொரு விலங்குக்கும் மூலக் குறியீடு உண்டு. காட்டில் பிடித்ததற்கு ஒன்று, காட்டு முட்டையை எடுத்துப் பொரித்து வளர்த்ததற்கு வேறொன்று, கூட்டில் பிறந்ததற்கு இன்னொன்று. கடதாசி பொய் சொல்லும். இந்தோனேசியாவிலிருந்து "பண்ணையில் பிறந்தவை" என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 வீதம் காட்டில் பிடித்தவை என்று 2011 இல் வெளியான ஆய்வு கண்டுபிடித்தது. அந்த ஆய்வாளர்கள் சொன்ன பரிகாரம் எளிமையானது. பண்ணையில் பிறந்தது என்றால் முட்டைக்கோதைக் காட்டு!

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு அவர் அடுத்ததைக் கேட்டார். "சேர், இங்க சில பேர் நம்மட நாட்டு கொம்போணானுக்கு நல்ல காசு தாறாங்க. மலைநாட்டில இருக்கிற கூட்டாளிமார்ட்ட ஒரு சோடி எடுத்தா, இங்க குட்டி எடுத்து விக்கலாம். பிறகு எல்லாம் கூட்டில பிறந்ததுதானே?"

எனக்கு உண்மையில் பயம் வந்தது இந்த இடத்தில்தான்.

கொம்போணான் இனங்கள் உலகத்தில் இலங்கையில் மட்டும் வாழ்பவை. ஓர் இனம் நக்கிள்ஸ் மலையில் மட்டும். இன்னொன்று றக்குவானை மலைகளில் மட்டும். வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். 2019 இல் சைட்டிஸ் மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த ஏப்ரலுக்குப் பிறகு அது ஜெனீவாவுக்குப் போய்விட்டது. அங்கேதான் இலங்கை கேட்டுக்கொண்டபடி இந்த ஓணான்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. காரணம், ஐரோப்பியச் சந்தையில் இவை "கூட்டில் பிறந்தவை" என்ற பெயரில் விலைபோய்க் கொண்டிருந்தன.

அந்த உடன்படிக்கையின் விதி தெளிவானது. கூட்டில் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதல் சோடியே சட்டப்படி பெறப்பட்டிருக்க வேண்டும். நான் அவருக்கு நமது பாஷையில் சொன்னேன்: "மகன், களவெடுத்த மாடு உங்கட பட்டியில கன்று போட்டா, கன்று உங்கடதாகுமா?" அவருக்கு அது விளங்கியது. பிடித்துக் கொடுக்கும் கூட்டாளி இங்கே விளக்கமறியலுக்குப் போவான் என்பதையும் சொன்னேன்.

நமது மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னக் குருவி வைத்திருந்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைத் தடுக்கவில்லை, அன்போடு விசாரித்தார்கள். அதே நபியவர்கள், பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்தபோது, தாய்ப்பறவை தவிப்பதைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வளர்ப்பதற்கு அனுமதியும் இருக்கிறது, பறிப்பதற்குத் தடையும் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதை நமது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நமது ஊரில் யாரும் மலைப்பாம்பு வளர்ப்பதில்லை. ஆனால் மொட்டைப் பனையில் ஏறிக் கிளிக்குஞ்சு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர்களும் நாம்தான். எடுத்த குஞ்சுகளில் எத்தனை பிழைக்கின்றன என்று வாங்கும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஆசைப்பட்டால் லவ் பேர்ட்ஸ் இருக்கிறது, கப்பி மீன் இருக்கிறது. அவை தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலும் தொட்டியிலும் பிறந்து வந்தவை. எந்தக் காட்டிலும் ஒரு தாய் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எங்கே பிறந்தது? இதன் தாய் தகப்பனைக் காட்ட முடியுமா? அவை எப்படி உங்களிடம் வந்தன? பதில் சொல்லத் தடுமாறினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யாராவது ஓணான், ஆமை, பாம்பு என்று பிடித்துத்தரச் சொல்லிக் கேட்டால், உங்கள் வீட்டு இளைஞர்களிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் ஹலாலான சம்பாத்தியத்தில் நிலைநிறுத்துவானாக. ஆமீன்.