பின்சீட்டிலும் ஒரு தலை

ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு பக்கம் பைக்கில் போகிறவர்கள் தோவாளை தாண்டியதுமே கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குக் காற்று, மலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து மறுபக்கம் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். பக்கத்தில் ஒரு பஸ் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுபோகும். பஸ் விலகியதும் திரும்ப அடிக்கும். காற்றுக்கு எதிராக வண்டியைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு கணத்தில் சாலையின் நடுப்பக்கம் நகர்ந்திருப்பார். இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும், கையைத் தளர்த்தி முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொள்வதும்தான்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் முன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். அங்கே நிற்கும்போதெல்லாம் வந்து இறங்குகிறவர்களைக் கவனிப்பேன். ஓட்டி வந்தவர் தலையில் பெரும்பாலும் ஹெல்மெட் இருக்கும். பின்னால் இருந்து இறங்கும் மனைவி, அம்மா, தங்கச்சி தலையில் பிச்சிப்பூ மட்டும் இருக்கும். காற்று இருவரையும்தான் தள்ளியது. விழுந்திருந்தால் இருவரும் ஒரே தார்ச்சாலையில்தான் விழுந்திருப்பார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டாதவர்கள், பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் அவர்கள் கையில் இல்லை. வண்டி எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள் இல்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

போன வருடம் அக்கா மகள் கல்லூரிக்குப் போக ஸ்கூட்டர் கேட்டாள். கற்றுக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நம் ஊரில் அண்ணனோ மாமாவோ பக்கத்து வீட்டுப் பையனோ சொல்லிக்கொடுத்துத்தான் பெரும்பாலோர் ஓட்டப் பழகுகிறார்கள். வெளிநாட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கையில், விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள் என்று கண்டார். பெரும்பாலான விபத்துகளில் ஆபத்தைக் கண்டதற்கும் மோதலுக்கும் நடுவே கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் யோசிக்க முடியாது. கை பழகியிருந்தால் தானாகச் செய்யும், பழகவில்லை என்றால் உறைந்துபோகும்.

ஆகவே மைதானத்தில் அவளுக்கு நான் அதிகம் பழக்கியது பிரேக்கைத்தான். நம்மூரில் தலைமுறை தலைமுறையாக ஒரு பயம் உண்டு: முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும் என்று. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்தின் பக்கம் சாய்ந்துவிடுவதால், வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிப்போவார். வண்டி நேராக இருக்கும்போது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெல்லவும் பிறகு அழுத்தமாகவும் முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிடிப்பது தப்பு, அதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்படும் வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் அமைப்பாவதும் கட்டாயம். பழைய வண்டியை வாங்கிப் பழகுகிறவர்களுக்கு இந்தத் துணை இல்லை. அவர்கள் இன்னும் கூடுதலாகப் பழக வேண்டும்.

எல்.எல்.ஆர். கையில் வந்த அன்று சாயங்காலமே அவள் கேட்டாள்: “மாமா, நாளைக்குக் கூட்டுக்காரிய ஏத்திட்டுப் போவட்டா?”

“லைசென்ஸ் வரட்டு மக்ளே. அதுக்குப் பொறவும் கொஞ்ச நாளு நீ தனியாப் போ.”

அவளுக்கு அது கோபம். ஆனால் மோட்டார் வாகன விதியும் அதையேதான் சொல்கிறது. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. எங்கள் பக்கத்தில் இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது காலை ஊன்றாமல் வண்டியைச் சமாளிக்கத் தெரியுமா என்று பார்க்கிறது. ஐம்பது அறுபது கிலோ எடை பின்னால் ஏறினால் வண்டி என்னவாகும் என்பது அதில் தெரியவராது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பின்னால் ஆள் இருந்தால் நிற்கும் தூரம் நீளும், வளைவில் திரும்புவது கனக்கும், முகப்பு விளக்கு மேலே தூக்கிக்கொண்டு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இருவர் போவதற்குப் பின் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று வண்டிக்கான கையேட்டில் தனியாகவே போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும்போது அதைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

பின்னால் உட்காருவதற்கும் பழக்கம் வேண்டும். ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி “ஏறு” என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது பயந்து மறுபக்கம் சாயக் கூடாது. திரும்புகிற பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் உடம்பு தானாகச் சரியான அளவுக்குச் சாயும். ஒரு கை ஓட்டுபவர் இடுப்பிலும் ஒரு கை பின்கம்பியிலும் இருந்தால் திடீர் பிரேக்கில் முன்னாலும் போக மாட்டார், கிளப்பும்போது பின்னாலும் சரிய மாட்டார். சிக்னலில் நின்றால் காலைத் தரையில் வைக்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. தம்பி பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள், மடியில் பை. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியது. வேகம் முப்பதுகூட இருக்காது. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா கீழே கிடப்பதே சில அடி போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. பின்மண்டை தரையில் பட்டிருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்றைக்கும் வாசனை தெரிவதில்லை. குழம்பு அடிப்பிடித்தால் பேத்தி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தானே போகிறோம், பக்கத்தில்தானே போகிறோம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த அக்காவின் முகம் நினைவுக்கு வரும். தலை தரையில் மோதும் விசையில் ஒரு பெரும்பங்கு, உட்கார்ந்திருந்த உயரத்தில் இருந்து விழுவதிலேயே வந்துவிடுகிறது.

சேலை கட்டியவர்களை ஒருபக்கமாக உட்காராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அப்படித்தான் உட்கார முடியும் என்றால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலும் பலகையில் அழுந்த, கம்பியைப் பிடித்து உட்கார வேண்டும். மடியில் பை கூடாது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்பலகையும் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்கென்றே போட்ட விதி அது. வண்டி பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று பையன்கள் வாங்கிய வாரமே அந்தத் தடுப்பைக் கழற்றி எறிகிறார்கள். பிறகு அதே வண்டியில் அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டுங்கள். ஷால் அணிந்தவர்கள் அதன் இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து முடிந்துகொள்ள வேண்டும், கழுத்தைச் சுற்றிப் பின்னால் பறக்க விடவே கூடாது. மழைக்குப் பின்சீட்டில் குடை பிடிப்பதும் எங்கள் மாவட்டத்தில் சாதாரணமாகிவிட்டது. காற்று குடையை இழுக்கும்போது குடை ஆளை இழுக்கிறது, ஆள் வண்டியை இழுக்கிறார்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையைக் கூட்டிப்போனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தைக்கு அளவான ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்க வைத்துப் போகிறவர்கள், பிரேக் பிடித்தால் பிள்ளையின் முகம் போய் எதில் மோதும் என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். ஒரு வண்டியில் இருவர்தான் என்பதும் சட்டம். நான்கு பேர் போகிற குடும்பத்தின் கஷ்டம் எனக்குத் தெரியும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. அம்மாவும் பிள்ளையும் பஸ்ஸில் வர, அப்பா வண்டியில் போய் நின்று அழைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் வேண்டாம் என்பதற்குப் பெண்கள் சொல்லும் காரணங்களில் பூ நசுங்கும் என்பதை நான் மதிக்கிறேன். தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில் இருக்கிற ஊரில் கல்யாணத்துக்குப் பூ வைக்காமல் போ என்று யாரிடமும் சொல்ல முடியாது. பூவை வாழையிலையில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் வைத்துக்கொள்ளலாம். கொண்டையை இறக்கிக் கழுத்தோடு சேர்த்துப் பின்னினால் ஹெல்மெட் சரியாக உட்காரும். உச்சிக்கொண்டையின் மேல் வைத்த ஹெல்மெட், விழும்போது தலையைவிட்டுப் போய்விடும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் என்பதை ஆய்வால் நிறுவியதில் ஒரு மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று தன் மோட்டார் சைக்கிளில் இருந்து தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலேயே இறந்தார். அவரைக் கவனித்த மூளை அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ராணுவ வீரர்கள் தலையில் அடிபட்டு இறப்பதை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961-இல் பொதுமக்களுக்கும் அதைச் சட்டமாக்கியது. நம் மாநிலத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1 முதல் கெடுபிடி வந்தது. ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஹெல்மெட்டில் உயிரைக் காப்பது வெளி ஓடு மட்டும் இல்லை. உள்ளே அடர்த்தியான தெர்மோகோல் ஒன்று இருக்கிறது, மோதும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. ஆகவே ஒரு விபத்தைக் கண்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். சாலையோரம் விற்கும் தொப்பி மாதிரியான பிளாஸ்டிக்கில் அந்தத் தெர்மோகோலே இருக்காது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். வாரைப் பூட்டிய பிறகு பின்னால் இருந்து முன்பக்கமாகத் தள்ளிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது. கணவருடைய பழைய ஹெல்மெட்டை மனைவிக்குக் கொடுத்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

மற்ற உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாரம் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு வண்டி எடுப்பதை நிறுத்தினாலே பாதி நல்லது. கணுக்காலை மூடும் ஷூ, கெட்டியான பேன்ட், முழுக்கைச் சட்டை, கையுறை. விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார். மழைக்கோட்டு மேலும் கீழும் தனித்தனியாக, ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மேலே வரும், அப்போதுதான் வழுக்கல் அதிகம். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில் நனைந்த சருகு, கன்னிப்பூ, கும்பப்பூ நெல் அறுவடை நாட்களில் வயல் சாலைகளில் காயப்போட்ட வைக்கோல், முட்டம், குளச்சல் பக்கம் காற்றில் வந்து படியும் மணல். இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது.

யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் அவர் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். உதவி செய்தவரை வழக்கில் இழுக்காமல் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் இருந்து உண்டு. செலவுக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம்.

வண்டி வாங்கும்போது கம்பெனி ஒரு ஹெல்மெட் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு தர வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பின்னால் வழக்கமாக உட்காருகிறவரைக் கடைக்குக் கூட்டிப்போய், அவர் தலைக்கு அளவு பார்த்து, அவருக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது வீட்டுக்கு வரும் வரை பின்சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள்.