93 கிலோ மனிதன் பேசுகிறேன்

ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் கலர் லைட் சுற்றி, 'டொக்'கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். பத்தாம் வகுப்பில் எனக்கு விழுந்த அட்டையில், 'உங்களை எல்லோரும் விரும்புவார்கள்' என்றிருந்தது. திருப்பினேன். 81 கிலோ! கூட வந்த பசங்கள் சிரித்த சிரிப்பில் ஜோசியம் அங்கேயே பொய்த்துப் போனது.

அன்றிலிருந்து நான் 'குண்டு'. அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஷேர் ஆட்டோவில் ஏறினால், "சார், ரெண்டு பேர் காசு!" ஆபீஸ் லிஃப்ட் 'பீப்' அடித்தால், கடைசியாக ஏறியது யாராக இருந்தாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவேன். குண்டாக இருப்பவன் கோபப்படக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

2018-ல் ஒரு வெறி வந்தது. காலையில் ஓட்டம், ராத்திரி இரண்டே சப்பாத்தி. எட்டு மாதத்தில் 94-லிருந்து 76! என் முகத்தையே பார்க்காத மேனேஜர்கூட, "என்னய்யா, ஹீரோ மாதிரி ஆயிட்டே!" என்றார். அம்மா மட்டும், "புள்ள துரும்பா இளைச்சுட்டானே" என்று கண் கலங்கினாள். பழைய பேன்ட்டையெல்லாம் தானம் செய்தேன். அங்கேதான் தப்பு பண்ணிட்டேன்.

2021-ல் மறுபடி 93. இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று ஒரு பார்வை மட்டும். காலேஜ் நண்பர்கள் சந்திப்புக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் போகவில்லை. காதுவலி என்று போனால்கூட "வெயிட்டைக் குறைங்க" என்பார்களே! விளைவு, சுகர் ஏறியதே எனக்கு 2023-ல்தான் தெரிந்தது.

புது டாக்டர் திட்டவில்லை. கதை சொன்னார். அமெரிக்காவில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்று எடை குறைக்கும் டி.வி. போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அவர்கள் உடம்பு, சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டியதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவழித்ததாம். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனும் குறைச்சல். நாம் டயட் என்கிறோம். உடம்பு பஞ்சம் வந்துவிட்டதென்று சிக்கனம் பிடிக்கிறது.

"அப்ப முடியவே முடியாதா டாக்டர்?"

"யார் சொன்னா? 'லுக் அஹெட்'னு சர்க்கரை நோயாளிகளை வச்சு ஒரு ஆய்வு. விடாம ஆலோசனை குடுத்ததுல, எட்டு வருஷம் கழிச்சும் பாதிப் பேர் 5 சதவீதமாவது குறைஞ்சே இருந்தாங்க. உங்களுக்கு 18 கிலோ வேணாம். அஞ்சு போதும். ஆனா ஆயுசுக்கும்."

"இப்ப ஊசி வந்திருக்காமே?"

"இருக்கு. செமக்ளூடைட் நல்லாவே வேலை செய்யும். நிறுத்தினா, ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுது. பிரஷர் மாத்திரை மாதிரிதான், தொடரணும்."

இப்போது 88-ல் நிற்கிறேன். சுகர் கட்டுக்குள். யாரும் பாராட்டவில்லை, பார்த்தால் தெரிந்தால்தானே!

போன வாரம் ஆறாவது படிக்கும் என் பையன் அழுதுகொண்டு வந்தான். "பசங்க குண்டுன்னு கூப்பிடறாங்கப்பா. உன்னைக் கூப்பிட்டா நீ என்ன பண்ணுவே?"

'சிரிச்சுடுவேன்' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஆபீஸ் லிஃப்ட். 'பீப்!' வழக்கம்போல எல்லாக் கண்ணும் என் மேல். "கடைசியா ஏறினது நான் இல்லைங்க" என்றேன். சிரிக்காமல். ஒரு நிமிஷம் நிசப்தம். அப்புறம் வாசலோரம் நின்ற ஒல்லிப்பிச்சான் ஒருத்தர், "ஸாரி சார்" என்று இறங்கிக்கொண்டார். லிஃப்ட் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையனிடம் அதைத்தான் சொன்னேன்.