தீபாவளியும் பூஜ்யமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்நாளும் ஓசை ஓயாத கொலுசுப் பட்டறைகள் தீபாவளியன்று மௌனமாயிருக்கும். 2019 அக்டோபர் 27-ஆம் தேதி, ஞாயிறு; கங்கா ஸ்நானம் ஆன கையோடு தமக்கை மகனும் நாங்களும் சென்னைக்கு ரயிலேறினோம்.

"நாளுங் கிழமையுமாக உதைபந்தா, தம்பி?" என்றார் தமக்கையார். நியாயமான கேள்விதான்.

2015, 2018 ஆகிய இரு வருஷங்களில் கோப்பை வென்ற 'சென்னையின் எஃப்.ஸி.' நான்கு நாள் முன்பு கோவாவில் மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தது. சொந்த மைதானத்தில் மும்பையை வெல்லும் என்பது பையனின் திடநம்பிக்கை. முதல் கோல் விழுந்ததும் தின்பதற்கென்று புதுச் சட்டைப் பையில் ஓர் அதிரசம் வைத்திருந்தான்.

பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் காலி ஆசனங்களுக்குப் பஞ்சமில்லை. பந்து அங்குமிங்கும் ஓடியது. வலைக்குள் புக மட்டும் மறுத்தது. வானத்தில் வாணம் சிதறும்போதெல்லாம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே அவ்வளவு விசேஷம் ஏது? முடிவு, இரு தரப்பும் பூஜ்யம். பையன் ஒன்றும் பேசவில்லை. அதிரசத்தின் எண்ணெய் சட்டையில் வட்டமாக ஊறியிருந்தது.

அவ்வருஷப் போட்டியில் சென்னையின் முதல் கோல் நவம்பர் 25 அன்று, ஹைதராபாத்துக்கு எதிராக, தொண்ணூறு நிமிஷமும் கடந்தபின் விழுந்தது. அன்று நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தோம். அதிரசம் தீர்ந்து பல நாளாகியிருந்தது.