ஏன் ரீச்சர் ஒரே நாடகம்?

இடமாற்ற விண்ணப்பப் படிவம் இரண்டு கிழமையாக எங்கள் கைப்பைக்குள் கிடக்கிறது. நிரப்பியாயிற்று. அதிபரின் கையொப்பம் மட்டும்தான் மிச்சம். முடிவுத் திகதி வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் ஒரு நடிகரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அவருக்கும் படிவத்துக்கும் என்ன தொடர்பு என்பது கடைசியில் விளங்கும். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் அட்டாளைச்சேனை கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டு நயினாதீவில் படிப்பிக்கிறோம். வீடு யாழ்ப்பாணத்தில். சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். சோளகம் பெயர்ந்துவிட்டால் பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது அபாயா முழுக்க உப்பு. தமிழ்தான் எங்கள் பாடம். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்க ஆள் இல்லாததால், "தமிழ் ரீச்சர்தானே, அதையும் பாருங்கோ" என்று எங்கள் தலையில் விழுந்தது.

முதல் வருடம் நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் பற்றி நாங்கள் கரும்பலகையில் எழுதியது நாலு வரி. பிறப்பு 1924. ஊர் காங்கேசன்துறை. வசந்த கான சபாவை நடத்தியவர். அரிச்சந்திர மயான காண்டத்தை மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றியவர் என்பர். மறைவு 1989. பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். நாங்களும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

போன வருடமும் அதே நாலு வரியைத்தான் எழுதினோம். தரம் 10 இல் கடைசி வாங்கில் இருக்கும் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஏன் ரீச்சர் ஒரே நாடகத்தை இவ்வளவு தரம் போட்டவர்? அவருக்கு வேற தெரியாதோ?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. சத்தியவான் சாவித்திரி, பக்த நந்தனார் எல்லாம் நடித்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தோம். அவன் விடவில்லை. "அப்ப ஏன் மயான காண்டம் மட்டும் மூவாயிரம்?"

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் வாப்பாவிடம் இதைச் சொன்னோம். வாப்பா சோற்றில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். "உங்கட மூத்தவாப்பாட்டக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி" என்றார்.

மூத்தவாப்பா யாழ்ப்பாணத்தில் தையற்காரர். கடையைப் பூட்டி, இஷா தொழுதுவிட்டு, சைக்கிளை எடுத்தாரென்றால் எங்கேயோ ஒரு கோயில் வீதியில் வைரமுத்துவின் நாடகம் என்று அர்த்தமாம். மேடைக்குக் கிட்டப் போகமாட்டார். வீதி ஓரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அதன் கரியரில் இருந்தபடி விடியும்வரை பார்ப்பார். மறுநாள் மெஷினில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். உம்மம்மா ஏசுவார்: "பாத்ததையே பாத்துக்கொண்டு திரியிறீங்களே, கதை மாறிப்போச்சோ?" உம்மம்மா கேட்டதும் அந்தப் பையன் கேட்டதும் ஒரே கேள்விதான்.

கதையை அறியாத பிள்ளைகளும் இதை வாசிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். பொய் சொல்லமாட்டேன் என்று நின்றதால் அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். கடனை அடைக்க மனைவியையும் மகனையும் விற்கிறான். கடைசியில் தன்னையும் விற்று மயானம் காக்கிறான். மகன் பாம்பு தீண்டி இறக்கிறான். தாய் சந்திரமதி தனியே உடலைத் தூக்கிக்கொண்டு இரவில் மயானத்துக்கு வருகிறாள். காவற்காரன் தடுக்கிறான். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் வைத்தால்தான் எரிக்கலாம் என்கிறான். அவளிடம் ஒன்றுமில்லை. கழுத்துத் தாலியை விற்றாவது கொண்டுவா என்கிறான். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அந்த இடத்தில்தான் இருவருக்கும் விளங்குகிறது. விளங்கிய பிறகும் அவன் எசமானுக்குச் சேரவேண்டிய கூலியை விட்டுக்கொடுக்கவில்லை. முழுக் கதையில் இந்த ஒரு பகுதிதான் மயான காண்டம்.

இது யாழ்ப்பாணத்தில் மட்டும் அழவைத்த கதை இல்லை. காந்தி சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அதைத் தனக்குள்ளேயே எண்ணமுடியாத தடவை நடித்துப் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படமாகச் சொல்லப்படுவதும் பால்கே 1913 இல் எடுத்த ராஜா அரிச்சந்திராதான். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் செழித்த இசை நாடகம், நாடகக் கம்பனிகளோடு கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், திரைச்சீலை, ஒரு கொட்டகை. அந்த வழியில் வந்தவர்தான் வைரமுத்து. பாடவும் வேண்டும், நடிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சனம் எழும்பிப் போய்விடும்.

வாப்பா தொடர்ந்து சொன்னார். 1990 ஒக்டோபர் 30. எல்லோருக்கும் தெரிந்த நாள், விரிவாக எழுதத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் தந்தார்கள். மூத்தவாப்பா கடையைத் திறக்கக்கூட முடியவில்லை. சட்டைப் பையில் இருந்த அளவுக் கொப்பி மட்டும் அவரோடு வந்தது. யாருக்கு என்ன அளவு, யார் எவ்வளவு முற்பணம் தந்தார்கள் என்று எழுதிய சின்னக் கொப்பி.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில். நாங்கள் பிறந்தது அங்கேதான். இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் மூத்தவாப்பா மயான காண்டப் பாட்டை மெல்லிய குரலில் இழுப்பாராம். உம்மம்மாவுக்குக் கோபம் வரும். "குடியிருக்க வீடில்லாத நேரத்தில மயானப் பாட்டோ?" அதற்கு அவர் சொன்னதை வாப்பா அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறார்: "அவன் நாட்ட விட்டான். சொன்ன சொல்ல விடயில்ல. நான் ஏழு பேருக்கு உடுப்புத் தச்சுத் தாறனெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் மூத்தவாப்பா வாப்பாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். கடைக்குக் கூரை இல்லை. மெஷின் இல்லை. அவர் அதைப் பார்த்து அழவில்லையாம். கொப்பியை எடுத்து, ஏழு பேரையும் தேடத் தொடங்கினார். நாலு பேர் வெளிநாட்டில். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் அகப்பட்டார். காங்கேசன்துறைப் பக்கத்துக்காரர், ஊருக்குத் திரும்ப முடியாமல் அப்போதும் முகாமில் இருந்தார். மூத்தவாப்பா அவர் கையில் அறுபது ரூபாயை வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய முற்பணம். அந்த மனிதர் காசைப் பார்த்தார், மூத்தவாப்பாவைப் பார்த்தார், பிறகு, "நானா, அந்தத் துணியை நான் மறந்தே போனன்" என்றாராம். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். பேச்சு வைரமுத்துவில் போய் நின்றது.

அவர் 1989 ஜூலையில் மறைந்தார். அடுத்த வருடம் யுத்தத்தில் அவருடைய காங்கேசன்துறைச் சனம் இடம்பெயர்ந்தது. அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகி, ஒரு தலைமுறைக்கு அவர்களால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அதே வருடம் எங்கள் சனமும் வெளியேறியது. அவருடைய நாடகத்தைப் பார்த்து அழுத இரண்டு கூட்டமும் ஒரே வருடத்தில் தெருவுக்கு வந்தது. இது கரும்பலகையில் எழுதிய நாலு வரியில் இல்லை.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னோம். பையன்கள் சத்தமில்லாமல் இருந்தார்கள். கேள்வி கேட்டவன், "அப்ப அதை நாங்களும் போடுவம் ரீச்சர்" என்றான்.

பாட்டுச் சொல்லித்தர எங்களுக்குத் தெரியாது. இறங்குதுறையடியில் வலை தெரிந்துகொண்டிருக்கும் ஒரு ஐயா இளமையில் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டோம். எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"பிள்ளை சோனகப் பிள்ளையெல்லோ?"

"ஓம் ஐயா."

"வைரமுத்துவைத் தெரியுமோ?"

மூத்தவாப்பாவின் சைக்கிள் கரியர் கதையைச் சொன்னோம். வலையைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு வரவேணும்?" என்றார்.

கேள்வி கேட்டவன்தான் காவற்காரன். நல்ல குரல். ஆனால் ஒத்திகையில் ஒரு பிழை. சந்திரமதி பிள்ளையைக் கிடத்திவிட்டு அழத் தொடங்கியதுமே அவனும் கண் கலங்கிவிடுவான். ஐயா நிறுத்தினார்.

"தம்பி, உனக்கு அவள் ஆரெண்டு இன்னும் தெரியாது. கூலி கேக்கிற ஆள் நீ. அதட்டிக் கேள்."

"எனக்குக் கதை தெரியும்தானே ஐயா?"

"உனக்குத் தெரியும். அரிச்சந்திரனுக்குத் தெரியாது. முன்னால இருக்கிற சனத்துக்கெல்லாம் தெரியும், அவனொருத்தனுக்குத்தான் தெரியாது. அதுதான் நாடகம். வைரமுத்தண்ணை எத்தனை வருசம் ஆடினவர்! ஒவ்வொரு நாளும் தெரியாத ஆளாத்தான் வந்து நிண்டவர்."

நாங்கள் ஒரு ஓரத்தில் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கேள்விக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. நாற்பது வருடத்துக்குப் பங்கிட்டாலும் மூவாயிரம் என்றால் வருடத்துக்கு எழுபத்தைந்து இரவு. நேற்று இன்னொரு கோயில் வீதியில் அறிந்த உண்மையை இன்று மறந்துவிட்டு, கம்பை ஊன்றி, அந்தத் தாயை அதட்ட வேண்டும். நடிகருக்கு அது ஆயிரத்தோராவது தடவையாக இருக்கலாம். முன்வரிசையில் போன மாதம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருந்தால், அவளுக்கு அது முதல் தடவை. அவளுக்காகத்தான் அவர் திரும்பத் திரும்ப ஆடியிருக்க வேண்டும். வேறு நாடகம் தெரியாமல் இல்லை.

நாங்கள் தரம் 6 க்கு அதே முதற்பாடத்தை எட்டு வருடமாகப் படிப்பிக்கிறோம். சில வருடம் கொப்பியைப் பார்க்காமல், பிள்ளைகளையும் பார்க்காமல் ஒப்புவித்திருக்கிறோம். அன்று அது உறுத்தியது.

நாடகம் நன்றாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். தாலி தெரியும் இடம்வரை அவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவனுக்குப் பதிலாகப் பெற்றோர் அழுதார்கள். ஐயா ஆர்மோனியத்தில் இருந்து தலை நிமிரவேயில்லை.

முடிந்த சந்தோசத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "வாற வருசம் முழு அரிச்சந்திரனையும் போடுவமோ ரீச்சர்?" யோசிக்காமல், "போடுவம், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டோம். கைப்பைக்குள் படிவம் இருந்தது அப்போது நினைவில் இல்லை.

இடமாற்றம் கேட்பதில் தவறில்லை. உம்மாவுக்கு வருத்தம், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். எங்கள் சின்னவள் காலையில் எங்களைக் காணாமலே எழும்புகிறாள். தீவில் காலம் முடித்த எல்லோரும் கேட்கத்தான் செய்கிறார்கள். போனவர்கள் யாரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் ஒருநாள் போகத்தான் வேண்டும்.

ஆனால் மூத்தவாப்பா அறுபது ரூபாயைப் பன்னிரண்டு வருடம் கொப்பியில் வைத்திருந்தார். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, நழுவுவதற்கு அதையே சாட்டாக வைத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. வாப்பாவிடம் சொன்னோம். "உம்மாவ நான் கூட்டிக்கொண்டு போறன். ஒரு வருசம்தானே" என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. காலையில் எங்களுக்கு முன்னமே எழும்பிச் சாப்பாடு கட்டி வைத்திருந்தார்.

படிவத்தை இந்த வருடம் கொடுக்கப்போவதில்லை. அடுத்த வருடம் பார்ப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வைரமுத்து அவர்களின் மயான காண்டப் பழைய ஒலிநாடா, படங்கள், நாடக நோட்டீஸ் எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். ஐயாவுக்கு ஒருமுறை அந்தக் குரலைப் போட்டுக் காட்ட வேண்டும். பையன்களுக்கும்தான்.