ஆமை புகுந்த வீடு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று அம்மா சொன்னபோது சிரித்தேன். பி.காம். படித்தவன் சார்! அமீனா எதற்கு வருவார் என்று தெரியும். ஆமை மேல் என்ன குற்றம்?

எங்கள் வீடு மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில். ஒரு சனிக்கிழமை கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் பார்த்தேன். காதோரம் சிவப்புப் பட்டை போட்ட பச்சைக் குட்டி ஆமை. "அமெரிக்க ஜாதி சார், ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார் கடைக்காரர். மகளுக்காக வாங்கினேன். அவள் அதற்கு முத்தமெல்லாம் கொடுத்தாள்.

பதினைந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், பேதி. பேதியில் ரத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் என் மடியில் சுருண்டு கிடந்தவள், முதலில் "தண்ணி" என்றாள். அப்புறம் அதையும் கேட்கவில்லை. எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றாத ராத்திரி அது.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் சால்மோனெல்லா. டைபாய்டு கிருமியின் பங்காளி. "வீட்ல ஆமை கீமை வளர்க்கறீங்களா?" என்றார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அமீனாவே தேவலை!

அப்புறம்தான் படித்தேன். பண்ணைக் குளங்களில் ஆயிரக்கணக்கில் வளர்கிற ஆமைகளின் குடலில் இந்தக் கிருமி குடியிருக்கும்; கழிவு பட்ட மண்ணில் முட்டையிட்டால் ஓட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. அது ஸ்லீப்பிங் பார்ட்னர், நஷ்டமெல்லாம் நமக்கு! அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் முட்டையை ஆன்டிபயாட்டிக்கில் முக்கிப் பார்த்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமிதான் மிச்சம். 1975-லேயே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையை அங்கே விற்கத் தடை. குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்கிற சைஸ் அதுதானே!

அதன் தொட்டியை வாராவாரம் சமையலறை சிங்க்கில் கழுவிய புண்ணியவான் யார் தெரியுமோ? அடியேன்தான்.

குளுக்கோஸ் ஏற்றி, ஆறாம் நாள் மகள் வீட்டுக்கு வந்தாள். ஆமையை ரெட்டேரியில் விடலாமா என்றால், நம்மூர் ஆமைகளின் சோற்றில் அது மண் போடுமாம். ஆக, பால்கனியில் தனி பக்கெட், தனி பிரஷ், தனி சோப்பு. கை கழுவவும் முடியவில்லை, கழுவாமலும் இருக்க முடியவில்லை!

"இருந்துட்டுப் போகுது விடுடா, வாயில்லா ஜீவன்" என்று இப்போது கீரை போடுவதே அம்மாதான்.